அழைப்பிதழில் ஏறிவிட்ட ரத்தம்

ஒரு தேசத்தின் தலைவிதி அதன் இளம்பெண்களின் ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த மாபெரும் உண்மை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷம் திண்டிவனத்தில், ஒரு மல்லாட்டை மண்டியின், அதாவது வேர்க்கடலை மொத்தக் கடையின், கல்லாப் பெட்டிக்குப் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் மண்டியின் உரிமையாளரும், ஊர்க்கோடியில் இருந்த தனியார் பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தாளாளருமான வெங்கடாசலம்.

அதற்கு முந்தின வாரம் அவர் லாரிக்கு டயர் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். மச்சான் வீட்டில் வீடியோ டெக் இருந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண்கள் சிலர், உடம்போடு ஒட்டிய உடையில், பாட்டுக்குத் தக்கபடி கையையும் காலையும் வீசிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஏரோபிக் என்று பேர், மூச்சும் ரத்தமும் சேர்ந்து உழைக்கிற பயிற்சி, அமெரிக்காவில் இப்போது எல்லாம் இதுதான் என்று மச்சான் விளக்கினார். தாளாளர் அந்தக் கேசட்டை முழுவதும் பார்த்தார். ஆராய்ச்சி நோக்கத்தோடு இன்னொரு முறையும் பார்த்தார். டயர் வாங்க மறந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் 'தென்னாற்காடு மங்கையர் உடல்வலிமை இயக்கம்' பிறந்தது. தலைவர் அவர். பொருளாளரும் அவர். செயலாளர் அவருடைய மருமகன். மூவரும் சேர்ந்து ஒரு பெயர்ப்பலகை எழுதி மாட்டினார்கள். அதற்குப் பிறகு மிச்சமிருந்த வேலை சவுரியம்மாளுடையது.

சவுரியம்மாள் அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. கையில் விசிலும் கால்களில் கேன்வாஸ் ஷூவுமாக நாலு வருஷம் ஓடியவள். நாலு வருஷமும் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வருஷம் நிரந்தரம் செய்துவிடலாம் என்பார்கள். ஜூலையில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அவளுடைய அப்பா முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். அம்மா இன்னும் அடுத்தவர் கொல்லையில் களை வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் சவுரியம்மாள்தான். அது எந்த மாதமும் நின்றுபோகலாம் என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தாளாளர் அவளைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னார்.

"ஆறு வாரம் டைம். நம்ம ஹாஸ்டல் பொண்ணுங்க முப்பது பேருக்கும் ரத்தம் ஏறணும், இருவது நிமிஷம் ஆடுனாலும் மூச்சு வாங்கக் கூடாது. விழுப்புரத்துல விழா வைக்கிறேன். நல்லபடியா முடிச்சுக் குடுத்தேன்னா ஒன் போஸ்டு பர்மனென்டு. சொதப்புனேன்னு வையி, ஜனவரிலேர்ந்து வேற ஆளு. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியேம்மா?"

தப்பாக ஒன்றும் இல்லை என்று சவுரியம்மாள் சொன்னாள்.

முதலில் இருக்கிற ரத்தத்தை அளக்க வேண்டும். விழுப்புரத்தில் பரிசோதனை நிலையம் வைத்திருந்த கிருஷ்ணசாமியை வரவழைத்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி, நடுங்காத கை, அறுபதை நெருங்கும் வயது. என்னதான் இருந்தாலும் ஆண். கல்யாணமாகாத முப்பது பெண்களின் கையை ஒரு ஆண் வரிசையாகப் பிடிப்பது பள்ளியின் மானத்துக்கு அடுக்குமா என்று தாளாளர் யோசித்தார். யோசித்து ஒரு வழி கண்டார். வகுப்பறையின் குறுக்கே பச்சைத் துணியில் ஒரு திரை. தையற்காரரை வைத்து, திரையின் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரம் மடித்துத் தைக்கச் சொன்னார். இந்தப் பக்கம் பெண்கள். அந்தப் பக்கம் கிருஷ்ணசாமி. அவர் எண்ணைக் கூப்பிடுவார். ஓட்டை வழியே ஒரு விரல் வரும். அவர் குத்துவார். விரல் "அம்மா" என்று சொல்லிவிட்டு மறைந்துபோகும்.

எடுத்த ரத்தத்தை அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் அமிலத்தில் கரைப்பார். பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு அது வெளுத்து வரும்வரை கலக்குவார். எந்தக் கோட்டில் நிறம் ஒத்துப்போகிறதோ அதுதான் கணக்கு. பெண்களுக்குப் பன்னிரண்டு கிராம் இருந்தால் நல்லது என்றார். முப்பது பேருக்கும் பார்த்ததில் சராசரி எட்டரை வந்தது. வல்லத்திலிருந்து வந்து படிக்கும் அம்சவள்ளிக்கு ஏழு. அவள் மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால் வெளியே வேடிக்கை பார்ப்பதாகச் சொல்வாள்.

மறுநாள் முதல் ஏரோபிக் தொடங்கியது. தாளாளர் சில திருத்தங்களோடு அதைத் தமிழ்நாட்டுக்கு ஏற்றதாக்கியிருந்தார். உடை, சேலை. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. இடுப்பில், தோளில், கொசுவத்தில் ஊக்கு. குதிப்பது கூடாது, எந்த நேரத்திலும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். சினிமாப் பாட்டு கூடாது. ரேடியோ செட்டுக்காரரிடம் சினிமா அல்லாத கேசட் ஒன்றுதான் இருந்தது. அது கல்யாண நாதஸ்வரம். ஆகவே விடிந்ததும் விடியாததுமாகப் பள்ளி மைதானத்தில் நாதஸ்வரம் முழங்க, முப்பது பெண்கள் கையை மேலே தூக்கி, பக்கத்தில் விரித்து, ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். கெட்டிமேளம் வரும் இடத்தில் வேகம் கூட்ட வேண்டும். அந்த இடத்தில் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். சிரித்தால் மூச்சு போய்விடும் என்று சவுரியம்மாள் அதட்டுவாள். முதல் வாரத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். ரோட்டில் போனவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை. சிவப்பாக, சர்க்கரை பூசி, பொட்டு மாதிரி இருக்கும். தாளாளர் அதைப் பெட்டிக் கணக்கில் வாங்கித் தன் மண்டியிலேயே வைத்துக்கொண்டு, வாரம் ஒரு டப்பா அனுப்புவார். சவுரியம்மாள் எதிரிலேயே விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

இரண்டாவது வாரம் அம்சவள்ளியின் அப்பா பச்சைமுத்து வல்லத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு மாத்திரை. மகள் லீவுக்கு வந்தபோது அந்த நாளுக்கென்று கொடுத்தனுப்பியது. அவர் நேராக விஷயத்துக்கு வரவில்லை. மழையைப் பற்றிச் சொன்னார், மல்லாட்டைக்குப் பூச்சி விழுந்ததைச் சொன்னார். கடைசியில் உள்ளங்கையை விரித்தார்.

"இத எங்க ஊட்டுப் பக்கத்துல நர்சம்மா வந்து குடுக்குங்க. மாசமா கீற பொம்பளைங்களுக்கு மட்டுந்தான் குடுக்கும். என் பொண்ணுக்கு எதுக்கு டீச்சர் குடுக்கறீங்க?"

சவுரியம்மாளுக்கு வேறு பயம். ஒரு அப்பன் பெண்ணைக் கூட்டிப்போனால் இன்னும் பத்துப் பேர் பின்னாலேயே வருவார்கள். ரத்தக் குறைவு எல்லாப் பெண்களுக்கும் வரும், மாத்திரை எல்லாருக்கும் நல்லது என்று அவள் விளக்கினாள். விளக்கம் போதாது என்று தோன்றவே, டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அவர் எதிரிலேயே விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

"ஒனக்கும் இன்னும் கல்யாணம் ஆவலியே," என்றார் பச்சைமுத்து. கவலை இப்போது இருவருக்குமாகச் சேர்ந்துவிட்டிருந்தது.

எப்படியோ சமாதானமாகி அவர் பெண்ணை விட்டுவிட்டுப் போனார்.

நாலாவது வாரத்தில் ஒன்று நடந்தது. அம்சவள்ளி ஒரு குடம் தண்ணீரோடு மாடி ஏறினாள். நடுவில் நிற்கவில்லை. மேலே போய்க் குடத்தை இறக்கிவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டவளாகத் திரும்பிப் பார்த்தாள். கீழே நின்ற சவுரியம்மாளும் பார்த்தாள். அன்று காலையில் முப்பது பேரும் இருபது நிமிஷம் உட்காராமல் ஆடியிருந்தார்கள். நாடி பார்த்தபோதும் படபடப்பு குறைந்திருந்தது. அந்த ஒரு நாள் சவுரியம்மாள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் அழைப்பிதழ் வந்தது.

மஞ்சள் நிறத்தில் வழவழப்பான தாள். மேலே தாளாளரின் படம், மாலையோடு. அதற்குக் கீழே, 'ஆறே வாரத்தில் முப்பது மங்கையரின் ரத்தம் சராசரி பன்னிரண்டு கிராம் எட்டிய மகத்தான சாதனை விழா' என்று கொட்டை எழுத்தில். இரண்டாவது பரிசோதனை இன்னும் நடக்கவே இல்லை. சவுரியம்மாள் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு மண்டிக்கு ஓடினாள். ரத்தம் ஏறியிருக்கும், ஆனால் இந்தக் கொஞ்ச நாளில் ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை, பன்னிரண்டுக்கு இன்னும் சில மாதம் ஆகும் என்று சொல்லிப்பார்த்தாள். தாளாளர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆயிரம் காப்பி அச்சடிச்சாச்சும்மா. பாண்டிச்சேரி வரைக்கும் போயாச்சு. இனிமே ரத்தந்தான் ஏறி வரணும்."

வேண்டுமானால் இரண்டு மாத்திரையாகக் கொடு என்றார். கொடுத்தாள். அன்று பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், மீதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். மறுபடியும் ஒன்றே ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சவுரியம்மாள் ஊருக்குப் போனாள். அம்மா வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாகத் தெரு முழுவதும் சொல்லி முடித்திருந்தாள். கோவிலில் ஃபாதரிடம் நன்றிப் பூசைக்கும் சொல்லிவைத்துவிட்டாள். இன்னும் ஆகவில்லையே அம்மா என்றதற்கு, ஆவாம எங்க போவுது என்றாள். உலகத்தில் எல்லாருமே விழாவை முதலில் முடித்துக்கொண்டு காரியத்துக்குப் பிறகு வருகிறார்கள் என்று சவுரியம்மாளுக்குப் பட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பழக்க தோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். எண்ண எண்ண அது அதிகமாயிற்று.

இரண்டாவது பரிசோதனை விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. அதே வகுப்பறை, அதே பச்சைத் திரை. பெண்கள் பக்கத்தில் ஒழுங்கு பார்க்க சவுரியம்மாள். வெளியே வராந்தாவில் தாளாளர் உலாத்திக்கொண்டிருந்தார். கிருஷ்ணசாமிக்குக் காது மந்தம். அதனால் கணக்கை உரக்கச் சொல்லும் வழக்கம்.

"ஒண்ணாம் நம்பர். பத்து."

வராந்தாவில் ஒரு கனைப்பு.

"ரெண்டாம் நம்பர். ஒம்போதே முக்கால்."

இன்னும் பலமான கனைப்பு. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எல்லாமே பத்தைச் சுற்றித்தான் வந்தது. உள்ளபடி பார்த்தால் அருமையான முன்னேற்றம். எட்டரையிலிருந்து பத்து. இன்னொரு இடமாக இருந்தால் இதற்கே மாலை போட்டிருப்பார்கள். சவுரியம்மாள் பன்னிரண்டிலிருந்து பத்தைக் கழித்துக் கழித்துப் பார்த்தாள்.

சமையல்காரி குப்பம்மாள் காப்பித் தண்ணியோடு உள்ளே வந்தாள். நல்ல பருமன், கணீர்க் குரல். சவுரியம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தூக்கைக் கீழே வைக்கச் சொல்லி, அவள் விரலைப் பிடித்து ஓட்டைக்குள் விட்டாள். எதற்கு என்று குப்பம்மாள் கேட்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

"ஏழாம் நம்பர். எட்டு."

முப்பது பேருக்குச் சமைக்கிறவளுக்கு அந்த அறையிலேயே குறைந்த ரத்தம். ஒரு தப்பைச் செய்து பார்த்ததில் கணக்கு இன்னும் கீழே போயிருந்தது.

அப்போதுதான் வாட்ச்மேன் முருகையன் குத்துபட்டு மயங்கிய ஒரு பெண்ணுக்காக பெஞ்சு தூக்கிக்கொண்டு வந்தான். வாட்ச்மேன் வேலைக்கு முன் அவன் மண்டியில் மூட்டை தூக்கியவன். இப்போதும் காலையில் கேப்பைக்களி உருண்டை மூன்று. பெஞ்சை ஒரே கையில் தூக்கி வந்திருந்தான். சவுரியம்மாள் உதட்டில் விரலை வைத்து அவனை அருகே கூப்பிட்டாள்.

"எட்டாம் நம்பர்," என்று அந்தப் பக்கம் குரல் வந்தது.

விரல் உள்ளே போயிற்று. கிருஷ்ணசாமி ஒரு முறை குத்தினார். ஊசி இறங்கவில்லை. இன்னொரு முறை குத்தினார்.

"தோலு தடிப்பா கீதே. ஊட்டுல ஒலக்கை புடிக்கிற பொண்ணா?"

"ஆமாங்க," என்றாள் சவுரியம்மாள்.

"நல்ல பொண்ணு. பதினஞ்சரை."

வராந்தாவில் கனைப்பு நின்றது. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சவுரியம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாவம் என்று ஒன்று இருந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள், ஒரு விரலுக்கு ஒன்றா, மொத்தமாக ஒன்றா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி விட்டு ஒருத்தியாக, சந்தேகம் வராதபடி, முருகையனின் விரல்கள் வரிசையாக உள்ளே போய் வந்தன. இரண்டு கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மிஸ், இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அப்புறம் கால் வெரல்தான்," என்று கிசுகிசுத்தான் முருகையன்.

மிச்சமிருந்தது வலது கட்டைவிரல். அடுத்த எண் அம்சவள்ளி. அவள் முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், என் வெரலயே நீட்டறேன் மிஸ். ஏழு இருந்துச்சி. இப்ப எவ்ளோன்னு தெரிஞ்சிக்கணும்."

சவுரியம்மாள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதற்கு. சராசரிக்கு இன்னும் ஒரு பெரிய எண் வேண்டியிருந்தது. அம்சவள்ளி கையை நீட்டினாள். சவுரியம்மாள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். சின்னக் கை. நாடி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது; ஆறு வாரம் உழைத்து வாங்கிய ஒழுங்கு. முருகையனின் கட்டைவிரல் ஓட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

"இருபத்தாறாம் நம்பர். பதினஞ்சே முக்கால்."

வராந்தாவில் தாளாளர் கைதட்டினார்.

எல்லாம் கூட்டி வகுத்தபோது சராசரி பன்னிரண்டுக்கு ஒரு மயிரிழை குறைவாக வந்தது. கிருஷ்ணசாமி பெரிய மனது வைத்து மயிரிழையை விட்டுக்கொடுத்தார்.

விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபம். விழாவுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ராஜாமணி என்ற பெண் டாக்டர் தலைமை விருந்தினராக வந்திருந்தார். நரைத்த கொண்டை, குறைவான பேச்சு. இயக்கத்தின் தலைவர் பேசினார். பொருளாளர் என்ற முறையிலும் அவரே பேசினார். பிறகு முப்பது பெண்களும் மேடைக்கு முன்னால் நாதஸ்வரத்துக்கு ஆடினார்கள். இருபது நிமிஷம். ஒருத்தியும் விழவில்லை, ஒருத்தியும் நடுவில் நிற்கவில்லை. டாக்டர் ராஜாமணி கையைத் தட்டிவிட்டு, மேடையோரம் நின்ற சவுரியம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்போடு விழா முடிந்திருக்கக் கூடாதா என்று சவுரியம்மாள் வேண்டிக்கொண்டாள்.

தாளாளர் ரத்தக் கணக்கை மைக்கில் ஒவ்வொன்றாக வாசித்தார். பதினஞ்சரைகளைக் கேட்டுப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்த டாக்டர், பதினஞ்சே முக்கால் என்றபோது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பதினஞ்சே முக்காலா? அது மூட்ட தூக்கற ஆம்பளைக்கில்ல இருக்கும்?"

"அதுதாங்க எங்க ஸ்தாபனத்தோட சாதனையே," என்றார் தாளாளர். "ஆணுக்குப் பெண் இங்க சரிசமம்."

கூட்டம் கைதட்டியது. டாக்டர் தட்டவில்லை. அந்தப் பெண்ணை மேடைக்கு வரச் சொன்னார். அம்சவள்ளி வந்தாள். டாக்டர் அவள் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். கண் அப்படிச் சொல்லவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மேடையில் பார்வைக்கு வைத்திருந்த ரத்தம் பார்க்கும் பெட்டியைக் காட்டி, இங்கேயே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணசாமியிடம் சொன்னார்.

சவுரியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாம் தெரிந்துவிடும். வேலை, அம்மா, பூசை, நாலு வருஷம். முந்திக்கொண்டு தானே சொல்லிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். அம்சவள்ளி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கையை ஏற்கனவே நீட்டிவிட்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தன் கணக்கு தெரிய வேண்டும்.

சவுரியம்மாளைக் காப்பாற்றியவர் தாளாளர். இத்தனை ஜனத்துக்கு முன்னால் கன்னிப்பெண்ணின் விரலை ஒரு ஆண் பிடிப்பதா என்று அவருக்குப் பதறியது. பச்சைத் திரை திண்டிவனத்தில் இருந்தது. ஒரு கணம் யோசித்தார். பிறகு மைக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

"பெண்கள் கூச்சப்படுவாங்க. தலைவன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்? முதல் ரத்தம் என் ரத்தம்."

குத்து விரலில்தான். அவர் பட்டு ஜிப்பாவை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்தார். நடுவில் மேஜை, மேஜைமேல் மைக். கிருஷ்ணசாமி குத்தினார், கரைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். இன்னொரு சொட்டு விடப் போய், கையை நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு குழாயை டாக்டரிடமே கொடுத்தார். அவர் தன் வாழ்க்கையில் சத்தம் போடாமல் சொன்ன கணக்கு அது ஒன்றுதான். ஏழு.

டாக்டர் தாளாளரின் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார். மைக்குக்குக் கேட்டது.

"வெளிக்குப் போறப்ப ரத்தம் போவுதா?"

எதிரில் டாக்டர். கேள்வி மருத்துவக் கேள்வி. பழக்கப்பட்ட நோயாளியாகத் தாளாளர் பதில் சொல்லிவிட்டார்.

"போவுதுங்க."

"எவ்ளோ நாளா?"

"மூணு வருஷமா. பேஜாருங்க. உக்கார முடியல."

மண்டபத்துக்கு உள்ளே நாலு ஸ்பீக்கர். வெளியே புங்கமரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி. ரேடியோ செட்டுக்காரர் பதறிப்போய் மைக்கை அணைக்க ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். அது கேசட்டின் பொத்தான். கெட்டிமேளம் முழங்கியது.

அதற்குப் பிறகு யாருக்கும் யாருடைய ரத்தத்தைப் பற்றியும் ஞாபகம் இல்லை. மருமகன் நன்றியுரையை இரண்டு வரியில் முடித்தார். கூட்டம் டிபன் பந்திக்குக் கலைந்தது. டாக்டர் ராஜாமணி ஒரு சீட்டில் எதையோ எழுதித் தாளாளரின் ஜிப்பாப் பையில் மடித்து வைத்துவிட்டுக் கார் ஏறினார்.

சவுரியம்மாள் பெண்களை எண்ணி வேனில் ஏற்றினாள். ஒருத்தி குறைந்தது. தேடிக்கொண்டு உள்ளே போனாள். காலி மண்டபத்தில் கிருஷ்ணசாமிக்கு எதிரே அம்சவள்ளி உட்கார்ந்திருந்தாள். நடுவில் திரை இல்லை. அவர் அவள் விரலைப் பிடித்துப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஒம்போதே முக்கால் மிஸ்," என்றாள் அம்சவள்ளி. முகம் மலர்ந்திருந்தது. "ஏழுலேர்ந்து. இத யார்கிட்ட மிஸ் சொல்றது?"

கிருஷ்ணசாமி அந்த விரலையும் சவுரியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். மெலிந்த, தோல் தடிக்காத விரல். ஜல்தி போங்க, வேன் நிக்குது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் தாளாளர் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சவுரியம்மாள் விசில் ஊதினாள், பெண்கள் நாதஸ்வரம் இல்லாமலே ஆடினார்கள். மாத்திரை டப்பா காலியாகிவிட்டது. மண்டியிலிருந்து புது டப்பா வரவில்லை. வேலைக்கு வேறு ஆள் பார்க்கிறார்களோ என்று அவளுக்குத் தூக்கம் போயிற்று. அலுவலகத்தில் ஃபோன் மணி அடித்தால் வராந்தாவில் வந்து நின்று ஒட்டுக்கேட்டாள். ஊரிலிருந்து அம்மா ஆள் அனுப்பியிருந்தாள், பூசைக்குத் தேதி கேட்டு.

வாரக் கடைசியில் மண்டிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போகும் வழி முழுவதும் அவள் ஒரு முடிவைச் செய்துகொண்டே போனாள். எப்படியும் வேலை போகப் போகிறது. உண்மையைச் சொல்லிவிட்டே போகட்டும்.

தாளாளர் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி ஓரமாக நகர்த்தப்பட்டிருந்தது. 'உடல்வலிமை இயக்கம்' பலகை மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்தபடி சாத்தியிருந்தது.

"ஐயா, அந்தப் பதினஞ்சே முக்கால்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"ரத்தத்தப் பத்தி இனிமே இங்க ஒருத்தரும் பேசக் கூடாது," என்றார் அவர் அவசரமாக. "நீயும் பேசாத. பொண்ணுங்களும் பேசக் கூடாது. விழுப்புரத்துல இன்னா நடந்துச்சின்னு யாராச்சும் கேட்டா, ஆடுனாங்க, டிபன் சாப்ட்டாங்க. அவ்ளோதான். ஒன் பொறுப்பும்மா."

சரி என்றாள். அவர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நிரந்தர நியமன உத்தரவு. சவுரியம்மாள் அதை ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். சந்தோஷம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டுதான் இருந்தது.

கிளம்பும் முன், பெண்களுக்கு மாத்திரை தீர்ந்துபோய் அஞ்சு நாளாகிறது, இன்னும் நாலு பெட்டி மண்டியில் இருக்க வேண்டுமே என்று தயங்கிக் கேட்டாள். ஸ்டாக் இல்லை என்றார் தாளாளர். அவள் படி இறங்கும்போது மறுபடி கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகுமா என்று கேட்டார்.

போகும் என்றாள் சவுரியம்மாள்.

மூன்று நாளாகத் தனக்கு அப்படித்தான் போகிறது என்றார்.